கோழித்தீனில் பார உலோகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோழித்தீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றில் ஈயம், கட்மியம், ஆசனிக் போன்ற பார உலோகங்கள் சேர்வது பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருந்தன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். பதில்களில் வேறு அலகு சொல்லாத இடங்களில், பார உலோக அளவுகள் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளன. ஆய்வுகூட அறிக்கையில் ‘பி.பி.எம்.’ என்று இருந்தாலும் அதுவும் இதுவும் ஒன்றே. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம்.

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. புரொய்லர் கோழி சீக்கிரம் பெருக்க ஆசனிக் கொடுக்கிறார்களாம், அதைச் சாப்பிட்டால் புற்றுநோய் வருமாம். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். கோழி வாங்குவதையே நிறுத்திவிடலாமா?
– வாசகி, மஸ்கெலியா

நிறுத்த வேண்டாம். அந்த வீடியோவில் இருப்பது பாதி உண்மை, அதுவும் பழைய கதை. ரொக்சாசோன் என்ற ஆசனிக் கலந்த மருந்தை அமெரிக்காவில் 1940களிலிருந்து கோழித்தீனில் சேர்த்து வந்தார்கள். கோழிக்கு வரும் இரத்தக் கழிச்சலைத் தடுக்கவும், உடம்பு வைக்கவும், இறைச்சி இளஞ்சிவப்பாகத் தெரியவும் அது பயன்பட்டது. அதில் இருப்பது நச்சு குறைந்த சேதன ஆசனிக் (காபனோடு சேர்ந்த வடிவம்), வந்த வடிவிலேயே எச்சத்தோடு போய்விடும் என்று நம்பினார்கள். 2011இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் கோழி ஈரல்களைப் பரிசோதித்தபோது, மருந்து தின்ற கோழிகளில் நச்சு கூடிய அசேதன ஆசனிக் அதிகமாக இருப்பது தெரிந்தது. அந்த வருடமே விற்பனை நின்றது. அதே இனத்தைச் சேர்ந்த கடைசி மருந்தும் 2015ஆம் ஆண்டு முடிவோடு சந்தையை விட்டுப் போனது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கும் முன்னரே இவற்றைக் கைவிட்டுவிட்டது.

இன்று கவனிக்க வேண்டியது, யாரும் வேண்டுமென்று சேர்க்காமல் தீனுக்குள் வந்துவிடும் உலோகத்தை. தவிடு, மீன் தூள், சுண்ணாம்புக்கல் தூள், பொஸ்பேட், தாது உப்புகள் என்று தீனில் சேரும் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொண்டுவரும். ஆனால் புரொய்லர் ஆறு கிழமை வாழ்ந்து ஏறத்தாழ மூன்றரைக் கிலோ தீன் தின்னும் பறவை. தின்ற உலோகத்தில் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியே போய்விடும். உடம்பில் தங்குகிற கொஞ்சமும் ஈரல், சிறுநீரகம், எலும்பு ஆகியவற்றில்தான் போய்ச் சேரும். நெஞ்சிலும் தொடையிலும் உள்ள தசைக்கு மிகக் குறைவாகவே வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்புகளைப் பார்த்தாலே இது விளங்கும். கட்மியத்துக்குக் கோழி இறைச்சியில் 0.05, ஈரலில் 0.5, சிறுநீரகத்தில் 1.0. ஈயத்துக்கு இறைச்சியில் 0.1.

பிள்ளைகள் கணக்கில் சொல்வதானால், 15 கிலோ நிறையுள்ள பிள்ளையின் உடம்பு ஒரு மாதத்தில் தாங்கக்கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2010இல் வகுத்த கட்மிய அளவு 375 மைக்ரோகிராம். வரம்பைத் தொட்டு நிற்கும் 100 கிராம் ஈரலில் 50 மைக்ரோகிராம் இருக்கும். அதே 100 கிராம் இறைச்சியில், அதுவும் வரம்பைத் தொட்டு நின்றால்கூட, 5 மைக்ரோகிராம்தான். சோறும் மரக்கறியும் தனியாகக் கட்மியம் கொண்டுவரும் என்பதால் ஈரலைக் கிழமைக்கு ஒருமுறை, சின்னத் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சியைக் குறைக்கத் தேவையில்லை. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையின் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். பயத்தில் கோழியை நிறுத்தி, வெறும் ரொட்டியும் சம்பலும் என்று பிள்ளையை வளர்த்தால் ஈயத்துக்கு நாமே வழி திறந்துவிட்டதாக ஆகிவிடும்.

கோழியை மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கழுவி, முதல் கொதித் தண்ணீரை ஊற்றிவிட்டால் உலோகம் போய்விடும் என்கிறார்களே? பிள்ளை பெற்ற மகளுக்கு நாட்டுக்கோழிச் சாறு வைத்துக் கொடுக்கிறோம். அது நல்லதா?
– வாசகி, பொகவந்தலாவை

போகாது அம்மா. மஞ்சளும் தேசிக்காயும் கவிச்சியை எடுக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயமும் கட்மியமும் தனிமங்கள். அவற்றை எந்தச் சூடும் அழிக்காது. அவை கிடப்பது தசைக்குள்ளும் எலும்புக்குள்ளும், கழுவுகிற தண்ணீர் அங்கே போய்ச் சேராது. முதல் தண்ணீரை ஊற்றினால் கொஞ்சம் போகலாம். அதோடு சத்தும் போய்விடும்.

சாறு விஷயத்தில் எலும்பைத்தான் கவனிக்க வேண்டும். ஈயத்தையும் கல்சியத்தையும் உடம்புக்குப் பிரித்தறியத் தெரியாது. அதனால் கோழி தின்ற ஈயம் எலும்பில்தான் போய்க் குடியிருக்கும். எலும்பை மணிக்கணக்காக, அதுவும் புளியோ தேசிக்காயோ விட்டுக் காய்ச்சினால், அங்கிருந்து கொஞ்சம் சாற்றுக்கு இறங்கும். 2013இல் வெளியான ஒரு சிறிய பிரித்தானிய ஆய்வில், கோழி எலும்புச் சாற்றில் லீற்றருக்கு ஏறத்தாழ 7 மைக்ரோகிராமும், தோலும் குருத்தெலும்பும் காய்ச்சியதில் 9.5 மைக்ரோகிராமும் ஈயம் இருந்தது. வெறும் தண்ணீரை அதே விதமாகக் காய்ச்சியபோது 0.89 இருந்தது. குடிநீருக்கு உலக சுகாதார ஸ்தாபனம் வைத்திருக்கும் அளவு லீற்றருக்கு 10. ஆகவே ஒரு கோப்பைச் சாற்றைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பழைய பெற்றரி கிடந்த இடத்தில் மேய்ந்த கோழியின் எலும்பில் எவ்வளவு இருக்கும் என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. பால் கொடுக்கும் தாய்க்குச் சாறு வைக்க இளம் கோழியாக, மேய்ந்த இடம் தெரிந்த கோழியாக எடுங்கள். இறைச்சி வேகும் அளவுக்கு முக்கால் மணித்தியாலம் காய்ச்சினால் போதும். எலும்பை உடைத்துப் போட வேண்டாம்.

இன்னொன்றும் செய்யலாம். கோழியின் சிறுநீரகம் தனியாகக் கையில் வராது. இடுப்பெலும்பின் உட்பக்கக் குழிகளில், முதுகெலும்பின் இரு பக்கமும் கருஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும். கடையில் துண்டு போடும்போது அது அப்படியே முதுகுத் துண்டோடு கறிச்சட்டிக்குப் போய்விடும். கட்மியம் மிகக் கூடுதலாகச் சேரும் உறுப்பு அதுதான். பெருவிரலை அந்தக் குழிக்குள் விட்டுத் தோண்டி, குழாய்த் தண்ணீரில் அலசினால் முழுவதும் வந்துவிடும். ஒரு நிமிடம்கூட ஆகாது. முட்டைக்கு வளர்த்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு விற்கும் லேயர் கோழியில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். நாளுக்கு 110 கிராம் என்று வைத்தாலே அது வருடத்துக்கு 40 கிலோ தீன் தின்றிருக்கும். புரொய்லர் தின்றதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். அந்தக் கோழியின் ஈரலையும் எறிந்துவிடுவது நல்லது.

லயத்துக்குப் பின்னால் பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறேன். கடைத்தீன் கொடுப்பதில்லை, அரிசிக் குறுணியும் சாப்பாட்டு மிச்சமும்தான். அதனால் முட்டை சுத்தம் என்று நினைத்திருந்தேன். மின்சாரம் வருவதற்கு முன் டி.வி.க்கும் லைட்டுக்கும் வைத்திருந்த கார் பெற்றரிகளை அந்த இடத்தில்தான் உடைத்துப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் கதவுகளைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறார்கள். கோழிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. முட்டையை நம்பலாமா?
– வாசகர், ராகலை

வந்த கேள்விகளில் நாங்கள் மிகவும் கவலைப்பட்டது இதைப் பார்த்துத்தான். பரிசோதித்துத் தெரியும் வரை அந்த முட்டைகளைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள்.

கடைத்தீன் விஷம், வாசலில் மேய்ந்தது சுத்தம் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வேரூன்றிக் கிடக்கிறது. ஈயம் விஷயத்தில் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கிறது. 2022இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வீட்டுத் தோட்டக் கோழிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் முட்டையில் கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்தது. மண்ணில் கிலோவுக்கு 117 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருந்தால் முட்டையில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டிவிடும் என்றும் அதே ஆய்வு கணக்கிட்டது. அப்படிப்பட்ட 50 கிராம் முட்டை ஒன்றில் 5 மைக்ரோகிராம் ஈயம். ஒரு பிள்ளை முழு நாளுக்கும் உணவில் எடுக்கும் ஈயம் 2.2 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்காவில் வைத்திருக்கும் அளவு. ஈயத்தில் ‘இவ்வளவு வரை ஆபத்தில்லை’ என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு. பிள்ளையின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும்.

கோழி மண்ணைக் கிளறித்தான் பிழைக்கிறது. புழுவோடு மண், குறுணியோடு மண், இரைப்பையில் அரைக்கக் கல் என்று எல்லாமே உள்ளே போகும். பெற்றரித் தகடு உடைந்த துண்டு சாம்பல் நிறத்தில் கல்லைப் போலவே இருக்கும். இரைப்பையில் அது அரைபட்டு, அமிலத்தில் கரைந்து, இரத்தத்தில் கலக்கும். முட்டைக்கு ஓடு போடக் கோழி தன் எலும்பிலிருந்து கல்சியத்தை இறக்கும்போது, அங்கே சேர்த்து வைத்த ஈயமும் கூட இறங்கி மஞ்சள் கருவுக்குப் போகும். ஆகவே கோழியை இன்று வேறு இடத்துக்கு மாற்றினாலும் முட்டை நாளைக்கே சுத்தமாகிவிடாது, மாதக்கணக்கில் ஆகும். ‘நன்றாகத்தான் இருக்கின்றன’ என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சை நிறக் கழிச்சல், மெலிவு, கொண்டை வெளுத்தல், முட்டை நின்றுபோதல் எல்லாம் ஈயம் மிக அதிகமான பிறகு வருபவை. அதற்கு வெகு முன்பே, கோழி கொழுகொழுவென்று திரியும்போதே, முட்டை கெட்டிருக்கும்.

லயத்துச் சுவருக்கு அடித்த சுண்ணாம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழைய கதவு, ஜன்னல், தகரம் ஆகியவற்றில் உள்ள பச்சை, நீல, சிவப்பு எனாமல் பெயின்ட்தான் சந்தேகத்துக்குரியது. இலங்கையில் பெயின்ட்டில் ஈயத்துக்குக் கட்டாய வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல். அதற்கு முந்திய பூச்சு என்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகச் சுரண்டவும் தீயால் கருக்கவும் விடாதீர்கள். தண்ணீர் தெளித்து, கீழே பொலித்தீன் விரித்து, ஈரத்தோடு சுரண்டி, விழுந்ததைச் சுருட்டிக் கட்ட வேண்டும். அந்த வேலை முடியும் வரை கோழியும் பிள்ளைகளும் பக்கத்தில் போகக்கூடாது.

பெற்றரி உடைத்த இடத்துக்கு வருவோம். முதலில் அங்கே வேலி போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் தகடு, கறுப்புப் பெட்டி உடைசல், வெள்ளைத் தூள் எல்லாவற்றையும் ரப்பர் கையுறை போட்டு, மண்ணை நனைத்த பின் பொறுக்கி, இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டுங்கள். விளக்குமாறால் உலர்வாகப் பெருக்கினால் தூள் வீட்டுக்குள் வரும். எரிக்கவோ பீலித் தண்ணீரில் கழுவிவிடவோ வேண்டாம், கீழ் லயத்தில் அந்தத் தண்ணீரைத்தான் குடிப்பார்கள். பையை எங்கே ஒப்படைப்பது என்று தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் கேளுங்கள். வழி காட்டாவிட்டால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பதினைந்து கோழிக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த மண்ணில்தான் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள்.

கோழிகளுக்கு வேறு இடத்தில், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டாத பக்கமாக, நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் பலகை அடித்துக் கூடு கட்டுங்கள். மேய்ச்சலுக்கு விடும் சிறு பட்டியில், வேறு இடத்து நல்ல மண்ணை அரையடி கனத்துக்குப் பரப்புங்கள். தீனை நிலத்தில் வீசாமல் தட்டில் வையுங்கள். மண் குளிக்க ஒரு பெட்டியில் ஆற்று மணல் போதும். அடுப்புச் சாம்பல் போடுவதானால் பெயின்ட் அடித்த பலகை எரித்த சாம்பலாக இருக்கக்கூடாது. சிப்பித் தூளைத் தனிச் சிரட்டையில் எப்போதும் வையுங்கள். கல்சியம் போதாத கோழி ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். இந்தப் பதினைந்தையும் இப்போது விற்கவும் வேண்டாம், வாங்குபவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். பத்து முட்டையைப் பரிசோதித்துப் பார்த்த பின் முடிவெடுங்கள். பிள்ளைகள் அந்த முட்டையை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் வைத்தியசாலையில் சொல்லி இரத்தத்தில் ஈயம் பார்க்கக் கேளுங்கள். டெசிலீற்றருக்கு (100 மில்லிலீற்றர்) 5 மைக்ரோகிராமோ மேலோ இருந்தால் ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்பது 2021இல் உலக சுகாதார ஸ்தாபனம் கொடுத்த வழிகாட்டல்.

நூறு லேயர் கோழி வைத்திருக்கிறேன். தீன் விலை கட்டுப்படியாகாமல் நானே கலக்கிறேன். சோளம், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, சோயா, சந்தையில் வாங்கும் கருவாட்டுத் தூள். சுண்ணாம்புக்குத் தோட்டத்து டொலமைட் போடுகிறேன். தேயிலைக்கு அடிக்கும் சிங்க் சல்பேட் கொஞ்சமும் எப்பாவல பொஸ்பேட்டும் சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். சரியா?
– வாசகர், வெலிமடை

சோளம், புண்ணாக்கு, சோயா மூன்றிலும் எங்களுக்குக் குறையில்லை. பசளைக் கிடங்கிலிருந்து வரும் மூன்றையும் இன்றே நிறுத்துங்கள்.

பசளையை மண்ணுக்காகச் செய்கிறார்கள். அதில் ஈயமும் கட்மியமும் எவ்வளவு என்று தீனுக்குப் பார்க்கும் கண்டிப்போடு யாரும் பார்ப்பதில்லை. தீனுக்கான சிங்க் சல்பேட்டில் கட்மியம் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. சிங்கும் கட்மியமும் பூமியில் ஒரே தாதுவில் சேர்ந்து கிடப்பவை. சரியாகச் சுத்திகரிக்காத சிங்க் உப்பில் கட்மியம் அப்படியே கூட வரும். மேலும் நீங்கள் பிரிமிக்ஸ் (விற்றமினும் தாது உப்பும் கலந்த தூள்) போடுகிறீர்கள் என்றால் கோழிக்குத் தேவையான சிங்க் அதிலேயே இருக்கிறது. 100 கிலோ தீனுக்கு 8 கிராம் சிங்க் போதும். கையால் அள்ளிப் போடுகிற சாமான் அல்ல அது. எப்பாவல பொஸ்பேட் நல்ல தேயிலைப் பசளை. ஆனால் அரைத்த பாறையில் உள்ள பொஸ்பரசைக் கோழி குடல் சரியாக எடுக்காது. அதிலுள்ள புளோரீன் எலும்பைக் கெடுக்கும். பொஸ்பரசுக்கு ‘தீன் தரம்’ என்று அச்சடித்த டி.சி.பி. (டைகல்சியம் பொஸ்பேட்) வாங்குங்கள். அதன் பையில் புளோரீன் அளவும் இருக்கிறதா பாருங்கள், 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

டொலமைட்டில் வேறொரு பிரச்சினையும் உண்டு. அதில் கல்சியம் 20 சதவீதத்துக்குச் சற்றுக் கூட, மக்னீசியம் 12 சதவீதம் அளவில். லேயர் தீனில் கல்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை வேண்டும். அதை டொலமைட்டால் நிரப்பப் போனால் 100 கிலோவுக்கு 16, 17 கிலோ போட வேண்டிவரும். அதோடு 2 கிலோ மக்னீசியமும் உள்ளே போய்விடும். எச்சம் தண்ணீராகும், படுக்கை நனையும், ஓடு மெல்லியதாகும். பலர் இதைக் கிருமி நோய் என்று நினைத்து மருந்துக்குச் செலவழிக்கிறார்கள்.

அதற்குப் பதிலாக 100 கிலோ தீனுக்குத் தீன் தரச் சுண்ணாம்புக்கல்லும் கடற்சிப்பியும் சேர்த்து எட்டரைக் கிலோ, டி.சி.பி. ஒன்றரைக் கிலோ போடுங்கள். கல்சியம் ஏறத்தாழ 3.6 சதவீதம் வரும். கல்லிலும் சிப்பியிலும் பாதியையாவது 2 முதல் 4 மில்லிமீற்றர் குறுணியாக வாங்கினால், அது இரவில் இரைப்பையில் தங்கி மெதுவாகக் கரையும். ஓடு போடுகிற வேலை இரவில்தான் நடக்கிறது. வீட்டில் எலும்பை எரித்துத் தூளாக்கிப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வயதான மாட்டின் எலும்பு என்றால் அது வாழ்நாளெல்லாம் சேர்த்த ஈயமும் அதில் இருக்கும்.

சுண்ணாம்புக்கல் இவ்வளவு முக்கியமாவது அளவினால்தான். எட்டரைக் கிலோ கல்லில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஈயம் இருந்தால், அது ஒன்றே 100 கிலோ தீனில் கிலோவுக்கு 1.7 மில்லிகிராம் ஏற்றிவிடும். முழுத்தீனுக்கு ஐரோப்பிய வரம்பு ஈயத்துக்கு 5, கட்மியத்துக்கு 0.5, ஆசனிக்குக்கு 2, இரசத்துக்கு (பாதரசம்) 0.1. ஆகவே பரிசோதிக்கப் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சுண்ணாம்புக்கல்லையே கொடுங்கள்.

மீன் தூளில் ஆசனிக் கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம். கடல்மீனில் இருப்பது பெரும்பாலும் நச்சில்லாத சேதன ஆசனிக். அதனால்தான் மீன் தூளுக்கு 25 வரை அனுமதிக்கிறார்கள். அசேதன ஆசனிக் 2க்குள் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். தவிட்டில் இருப்பதோ அசேதன வடிவம்தான். நெல் ஆசனிக்கைத் தவிட்டில் சேர்க்கிற பயிர். தவிடு மலிவு என்று தீனில் பாதியை அதனால் நிரப்ப வேண்டாம், 100 கிலோவுக்கு 20 கிலோவுக்குள் நிறுத்துங்கள். சந்தைக் கருவாட்டுத் தூளை ஒரு பிடி எடுத்துக் கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பாருங்கள். அடியில் மணல் படிந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். மணல் பார உலோகம் அல்லதான். ஆனாலும் மணல் கலக்கிறவர் வேறு எதையும் கலக்கத் தயங்கமாட்டார்.

லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குக்குக் குருநாகல் பக்கத்திலிருந்து லொறியில் வரும் கோழி எரு போடுகிறோம். கோழி தின்றது எருவில் வந்து, மரக்கறிக்கும் வந்துவிடுமா? மக்கவைத்தால் போய்விடுமா?
– வாசகர், கந்தப்பளை

கோழி தின்ற உலோகத்தில் பெரும்பகுதி வந்து சேருவது உங்கள் பாத்திக்குத்தான். கூடுதலாக வருவது செம்பும் சிங்கும், இரண்டும் தீனில் சேர்க்கப்படுபவை. கிலோ எருவில் 300 மில்லிகிராம் சிங்க் என்று வைத்து, ஹெக்டயருக்கு 10 தொன் போட்டால், ஒரு போகத்துக்கு 3 கிலோ சிங்க். பயிர் எடுப்பது அதில் ஒரு சிறு பங்கு. மிச்சம் வருடா வருடம் மண்ணில் ஏறிக்கொண்டே போகும்.

மக்கவைப்பது கிருமிக்கும் களை விதைக்கும் நல்லது. உலோகத்துக்கு எதிர்மாறு. எரு மக்கி நிறை பாதியாகும்போது உலோகம் அப்படியே நிற்கும், ஆகவே கிலோவுக்கு இரட்டிப்பாகும். மக்கிய எருவைப் பச்சை எருவின் அளவுக்கே போடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பாதியாகக் குறையுங்கள்.

கட்மியத்தைப் பொறுத்தவரை எருவைவிட ட்ரிபள் சுப்பர் பொஸ்பேட் என்ற பொஸ்பரஸ் பசளையைத்தான் கூடக் கவனிக்க வேண்டும். எருவே பொஸ்பரஸ் நிறைந்தது. இரண்டையும் முழு அளவில் போடுவது காசுக்கும் மண்ணுக்கும் நட்டம். மண் புளித்திருந்தால் செடி கட்மியத்தைக் கூடுதலாக இழுக்கும், இலைக்கறி எல்லாவற்றையும்விட அதிகமாக. டொலமைட்டுக்கு உரிய இடம் இதுதான். மண் பரிசோதித்து, பீ.எச். 6க்கும் 6.5க்கும் இடையில் வரும்படி போடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: கோழி எருவைச் செம்மறி ஆட்டுக்குத் தீனில் கலக்கவே கூடாது. அதிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்து திடீரென்று ஆட்டைக் கொன்றுவிடும்.

தீனையோ முட்டையையோ எங்கே பரிசோதிப்பது? மாதிரி எப்படி எடுப்பது? அறிக்கையை எப்படி வாசிப்பது?
– பசறை, அப்புத்தளை, புசல்லாவை வாசகர்கள்

முதலில் உங்கள் பிரிவு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு எப்படி அனுப்புவது, எந்தப் பரிசோதனை செய்வார்கள் என்று அங்கே சொல்வார்கள். கட்டணம் கட்டிச் செய்வதானால் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கடையில் வாங்கிய தீனில் சந்தேகம் என்றால் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீன் சட்டத்தின் கீழ் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திடம் முறையிடலாம். விற்பனைக்கு இருக்கும் இறைச்சி, முட்டை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். உணவுச் சட்டத்தின்படி அவரே எடுத்து அனுப்பும் மாதிரிதான் வழக்கில் நிற்கும்.

ஒரு பையின் மேல்வாயில் அள்ளியதை வைத்து எதையும் சொல்ல முடியாது. தாது உப்புகள் கனமானவை, லொறிக் குலுக்கலில் அடிக்கு இறங்கிவிடும். ஒரே தொகுதி இலக்கமுள்ள ஐந்து பைகளாவது எடுத்து, ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி மூன்றிடத்திலும் பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளுங்கள். புதுப் பொலித்தீனில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை எறிந்து, மிச்சத்தை மறுபடி கலந்து பிரித்து அரைக்கிலோ அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதை இரண்டு புதுப் பைகளில் போட்டு, ஒன்றை அனுப்பி, மற்றதை முத்திரையிட்டு வைத்திருங்கள். பையில் தைத்திருக்கும் சீட்டையும் பில்லையும் எறியக்கூடாது. பழைய பத்திரிகைத் தாளில் சுற்றினால் அச்சு மையும் தூசியும் மாதிரியோடு சேரும். ஈரல் 100 கிராம் அளவில், பிளாஸ்டிக் பெட்டியில் உறையவைத்துக் கொண்டு போங்கள். முட்டை பத்து.

அறிக்கை வந்ததும் எண்ணைப் பார்க்குமுன் ‘கண்டறி எல்லை’ என்ற இடத்தைப் பாருங்கள். கருவியால் 1 மில்லிகிராமுக்குக் கீழே பார்க்க முடியாது என்றால், ‘ஈயம் காணப்படவில்லை’ என்ற வரிக்கு இறைச்சி விஷயத்தில் அர்த்தமே இல்லை. வரம்பே 0.1தான். மாதிரி கொடுக்கும்போதே இறைச்சிக்கும் முட்டைக்கும் 0.02 அளவுக்காவது பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அடுத்தது, ஈர நிறையா, உலர் நிறையா. இறைச்சியில் முக்கால்வாசி தண்ணீர். உலர் நிறையில் 0.3 என்று காட்டியது ஈர நிறையில் 0.075தான், வரம்புக்குள் இருக்கிறது. இதை மாற்றி வாசித்து ஒரு நல்ல பண்ணையின் பெயரைக் கெடுத்துவிடக்கூடாது. முட்டையில் மஞ்சளும் வெள்ளையும் சேர்த்துப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். ஈயம் மஞ்சளுக்குப் போகும், மெதைல் இரசம் பெரும்பாலும் வெள்ளைக்குப் போகும்.

மலைப் பீலித் தண்ணீரைப் பழைய தகரத் தொட்டியில் சேர்த்துக் கோழிக்கு வைக்கிறோம். சுத்தமான ஊற்றுத்தானே?
– வாசகி, ஹட்டன்

ஊற்று சுத்தமாக இருக்கலாம். தொட்டியும் குழாயும் எப்படி என்பதுதான் கேள்வி. மலை ஊற்று நீர் பெரும்பாலும் மென்னீர், கொஞ்சம் அமிலமும் இருக்கும். அப்படிப்பட்ட தண்ணீர் இரவு முழுவதும் நாகம் (சிங்க்) பூசிய தகரத்திலும் பித்தளை பைப்பிலும் ஈயம் வைத்து ஒட்டிய மூட்டிலும் நின்றால் உலோகத்தை மெல்ல அரித்து எடுக்கும். தொட்டிக்குள் வெள்ளைப் பொருக்கு விட்டிருந்தால் பூச்சு கரைகிறது என்று பொருள். விற்றமின் மருந்தையோ வினாகிரியையோ தகரத் தொட்டியில் கலக்கவே வேண்டாம், அமிலம் பட்டால் நாகம் வேகமாகக் கரையும். உணவுக்குப் பயன்படும் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்க்கு மாறுங்கள். பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவரிடம் கேட்டு, பூச்சிமருந்துப் பீப்பாயாக இருந்தால் வாங்காதீர்கள். காலையில் பைப்பைத் திறந்ததும் முதலில் வரும் இரண்டு வாளியைப் பூச்செடிக்கு ஊற்றிவிட்டு, அதன் பிறகு வருவதைக் கோழிக்கும் குசினிக்கும் பிடியுங்கள்.